அண்ணனுக்காகத் தேடிய கிராமம்

பிரான்சுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மூர்க்காரர்கள் பாரீஸ் புறநகரில் மூன்று மாதம் இருந்து, ஈஃபெல் கோபுரமும் லூர்து மாதா கோயிலும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நானும் இரண்டு முறை அப்படித்தான் போய்வந்தேன். 2024 செப்டம்பரில் போனது வேறு காரியத்துக்காக.

முலூசில் இருக்கும் என் அண்ணனுக்கு வயது எண்பது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். "எல்லாரும் ஒரு வாரம் ஒரே வீட்ல இருக்கணும்டா. அந்த திராட்சை ஊருங்களை ஒருதரம் உக்காந்து பாக்கணும்" என்று போனில் சொன்னார். அவர் வாய்விட்டு ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதவில்லை. பதினெட்டு நிரம்பிய அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டு, சொல்தாவாகக் கப்பல் ஏறினார். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். ராணுவம் முடிந்து முலூசில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே வீடு பிடித்துக்கொண்டார்.

சரி, எந்த ஊரில் தங்குவது? நாங்கள் ஒன்பது பேர். அண்ணன் வீட்டில் இரண்டே அறை. மாப்பிள்ளை ஸ்திராஸ்பூர் என்றார். பெரிய ஊர், எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து முலூஸ் நூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் அவ்வளவு தூரம் போய், ஊசி குத்திய கையோடு அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். மகள் ரிக்விர் என்றாள். அழகான ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் கோட்டைச் சுவருக்குள் கார் விடமாட்டார்கள். கல் பாவிய தெரு மேடாக ஏறும். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க ஏற்ற ஊர், சக்கர நாற்காலியோடு ஒரு வாரம் இருக்க அல்ல.

முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்குக் காகிதம் இல்லாமல் முடிவெடுக்க வராது. ஒரு பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன்: முலூசுக்கு எத்தனை கிலோமீட்டர், தரைத்தளத்தில் படுக்கையும் குளியலறையும் உண்டா, நம் சமையல் செய்ய அடுப்பு உண்டா, ரொட்டிக் கடைக்கு நடந்து போகலாமா. ஓட்டல்கள் மூன்றாவது கேள்வியிலேயே போய்விட்டன. அண்ணனுக்கு உப்பு அளவு, பொட்டாசியம் அளவு, தண்ணீர் அளவு எல்லாம் உண்டு. உருளைக்கிழங்கைக்கூட ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துத்தான் அண்ணி கொடுப்பார். அதை ஓட்டல்காரன் செய்வானா?

கடைசியில் நின்றது ஏகிசைம். கொல்மாருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிற சின்னக் கிராமம். நடுவில் கோட்டை, அதைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரு, கூரை மேல் நாரைக் கூடு. முலூஸ் நாற்பது கிலோமீட்டர் அளவுதான், நெடுஞ்சாலை ஓரம். பழைய கோட்டை வட்டத்துக்கு வெளியே, சமதரையில், திராட்சை வைத்திருக்கும் ஒரு குடும்பம் வாடகைக்கு விடும் வீடு கிடைத்தது. இப்படிப்பட்ட வீடுகளை அங்கே ழீத் என்பார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் பெரும்பாலும் தருவார்கள், அதைப் பார்த்து விமான டிக்கெட் எடுங்கள்.

அல்சாசில் தங்க இன்னொரு லாபம், மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் கொல்மார் பக்கம் பிரான்சிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. அந்த வாரம் குடை எடுக்கவே இல்லை.

திங்கள், புதன், வெள்ளியில் சிறிசுகள் தூரமாகப் போனார்கள். இரண்டாம் வில்ஹெல்ம் கைசர் 1908-ல் புதுப்பித்து முடித்த ஓ-கேனிக்ஸ்பூர் கோட்டைக்குப் போய்வந்து பேரன் இரண்டு நாள் வாள் வீசிக்கொண்டிருந்தான். செவ்வாயும் வியாழனும் அண்ணனுடையவை. செவ்வாய் கேசெர்ஸ்பெர்க். ஆல்பர்ட் சுவைட்சர் 1875-ல் பிறந்த ஊர். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை கட்டியவரைப் பற்றிப் பள்ளியில் படித்ததை அண்ணன் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கார மதாமுக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் புதுச்சேரி என்றதும், "அப்படியானால் உங்கள் குடும்பத்திலும் ஒப்தான் உண்டா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை நம்மூருக்கு வெளியே நான் கேட்டதே இல்லை. 1871-ல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனபோது, பிரெஞ்சுக்காரராக இருக்க விரும்பியவர்கள் 1872 அக்டோபர் 1-க்குள் எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்ததாம். இவருடைய கொள்ளுத்தாத்தா திராட்சையோடு தங்கிவிட்டார். அவர் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு அல்ஜீரியா போனார். அப்புறம் இருவரும் சந்திக்கவே இல்லை. தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' கதையை மனப்பாடமாகப் படித்த எனக்கு, அது இந்த ஊர்க்கதை என்பது தெரியும். வகுப்பு முடிந்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "நான் எழுதிக் குடுத்தப்ப அப்பா ஏதாச்சும் சொன்னாராடா?" என்றார். அறுபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை கேட்கிறார். உங்கள் பிரெவே சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார், கடைசிவரை கழற்றவில்லை என்றேன். அது உண்மை. தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழன் மாலை அவரைத் திராட்சைத் தோட்டத்து டிராக்டர் பாதையில் நாற்காலியோடு கொண்டுபோய் நிறுத்தினோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. கெவூர்ஸ்த்ராமினர் என்று ஒரு ஒயின், ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்த மணம். மதாம் ஊற்றிக் கொடுத்ததை மோந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார். தண்ணீர்க் கணக்கு அப்படி. ஆனால் அண்ணி ஒரு காரியம் செய்திருந்தார்: மதாம் தந்த திராட்சையை உதிர்த்துப் பிரீசரில் உறைய வைத்து டப்பாவில் கொண்டுவந்தார். தாகம் எடுக்கும்போது ஒன்று வாயில் அடக்கிக்கொண்டால் போதும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாராம். எண்ணிப் பத்து கொடுத்தார். பதினொன்றாவதுக்கு அண்ணன் கை நீட்டினார், அடி விழுந்தது.

சனிக்கிழமை சாவியைக் கொடுக்கும்போது, அடுத்த செப்டம்பரில் இதே வாரத்தைப் பிடித்து வைக்கட்டுமா என்று மதாம் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் கோட்டுப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து முன்பணம் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.