610 சின்னது... 70 பெருசு!

சென்னை ஹாஸ்டல்ல இருக்கீங்க. நாகர்கோவில்ல இருந்து போன்: "ஆச்சிக்கு ரொம்ப முடியல. உடனே பொறப்பட்டு வா மக்கா!" ஃப்ளைட்தானே பிடிப்பீங்க?

ஒரு நிமிஷம். குமரி மாவட்டத்துல ஏர்போர்ட் கிடையாது. நாகர்கோவிலுக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை நாஞ்சில் நாட்டுக்குத் தலைநகரும் அதுதான். எல்லைக்கோடு மாறிச்சு, ஏர்போர்ட் அங்கேயே நின்னுடுச்சு!

சென்னை - திருவனந்தபுரம் வான்வழியில் சுமார் 610 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துல இறங்கிடலாம். ஆனா, கணக்கு அங்கே முடியல பாஸ்! மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். செக்-இன், செக்யூரிட்டினு ரெண்டு மணி நேரம். இறங்கின பிறகு களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைனு சுமார் 70 கி.மீ. ரோடு. அதுக்கு ரெண்டு மணி நேரம்! ஆக மொத்தம் ஆறரை.

2024 ஆகஸ்ட்ல வந்த வந்தே பாரத் ரயில்ல எழும்பூர் டு நாகர்கோவில் சுமார் 9 மணி நேரம். ராத்திரி ரயில்னா சுமார் 12.

ஸோ, டிக்கெட்ல இருக்கற நேரத்தை மட்டும் நம்பாதீங்க. வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப் பாருங்க. போன் மதியம் வந்து, அடுத்த ஃப்ளைட் மறுநாள் காலையிலதான்னா, சாயங்கால ரயிலே முந்தும். விடியும்போது ஆச்சி கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க!