மகளோட லேப்டாப்பும் மச்சான் கணக்கும்

இன்னிக்கு வயலை விட்டுட்டு லேப்டாப் பத்தி எழுதப் போறேன். கடைசியில வயலுக்கே வந்துடுவேன், பயப்படாதீங்க.

மறைமலைநகர் பக்கத்துல எங்க ஊர். ஏரிப் பாசனத்துல நெல் வைக்கிற நாங்க அஞ்சு பேர், அரிசியாக்கி, பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரா கொண்டுபோய்க் கொடுக்கிறோம். 25 கிலோ சிப்பம். அஞ்சு பேர் அரிசியும் ஒரே வண்டியில போகும். யாரோடது எத்தனை வித்தது, யார் பாக்கி என்கிற கணக்கு என் பொறுப்பு.

அதை எழுதினது என் மகளோட லேப்டாப்ல. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல, பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைச்சது. எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அவ படிச்சு வேலைக்குப் போனதும் எனக்கு வந்துச்சு. வயசாகிட்டதால பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். வீட்டுல சுவத்து பிளக்ல இருந்தா ராஜா. வண்டியில ஏத்தினா வெறும் சுமை.

ஒரு நாள் குடியிருப்பு வாசல்லயே அணைஞ்சுபோச்சு. கிடைச்ச அட்டையில எழுதினேன். இறக்குற அவசரத்துல அட்டையும் தொலைஞ்சுது. ராத்திரி ஞாபகத்துல எழுதினேன். மச்சானோட ரெண்டு சிப்பம் வேற ஒருத்தர் பேர்ல விழுந்துடுச்சு.

"இன்னா மாப்ள, என் அரிசி காத்துல பறந்துச்சா?"ன்னு கேட்டார். தப்பைக் கண்டுபிடிச்சுக் காசைக் கொடுத்துட்டேன். ஆனா ஏரிக்கரையில எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்குவார். நானும் முப்பது வருஷமா மாமன் மச்சான்னு பழகினவன்தானே, ரொம்ப வலிச்சுது.

மகள்தான் சொன்னா, "அப்பா, வேற மாதிரி லேப்டாப்புக்கு மாறு." குரோம்புக். கணக்கெல்லாம் கூகுள்ல இருக்கும். முன்கூட்டியே ஆஃப்லைன் வசதியைப் போட்டு வெச்சா சிக்னல் இல்லாத இடத்துலயும் எழுதலாம். சிக்னல் வந்ததும் தானா சேர்ந்துக்கும். 2023 அக்டோபர்லேர்ந்து ஹெச்பி கம்பெனி இதைச் சென்னைக்குப் பக்கத்துலயே தயாரிக்குதாம்.

நான் வாங்கினது பழசு, 11,000 ரூபாய். மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி ரெண்டு விஷயம் பார்த்தேன். ஒண்ணு, அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்னு. அந்தக் கெடு நாம வாங்கின நாள்லேர்ந்து இல்ல, அந்த மாடல் வெளிவந்த காலத்துலேர்ந்தே ஓடுது. செட்டிங்ஸ்லயே தேதி இருக்கும். ரெண்டாவது, டைப்-சி சார்ஜிங். அது இருந்தா பவர் பேங்க்லயே ஏத்தலாம். ஆனா போனுக்கு வாங்கின சின்ன பவர் பேங்க் போதாது, லேப்டாப்புக்கு வேண்டிய வாட் கொடுக்கிறதா இருக்கணும். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருந்ததால விரலுக்குப் புதுப் பழக்கம் தேவைப்படல.

குறையும் உண்டு. விண்டோஸுக்குன்னு செஞ்ச மென்பொருள் இதுல அப்படியே ஓடாது. அதுக்குப் பழசு வீட்டுல பிளக்லயே இருக்கு. தூக்கிப் போட மனசு வரல.

பெரிய லாபம் நான் எதிர்பார்க்காதது. அந்தக் கணக்குத் தாளை அஞ்சு வீட்டு போன்லயும் பார்க்கிற மாதிரி மகள் செஞ்சு கொடுத்தா. நான் வாசல்ல எழுதுறது, கொஞ்ச நேரத்துல அவங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளா என் லேப்டாப்புக்குள்ள பூட்டி வெச்சிருந்தது அவங்க கணக்கைத்தானே? அது எனக்கே அப்பதான் உறைச்சுது.

போன வாரம் வண்டி திரும்புறதுக்குள்ள மச்சான்கிட்டேர்ந்து போன்.

"மாப்ள, என் பேர்ல ஒரு சிப்பம் கூட எழுதிட்ட. குறைச்சுடு."

வண்டியை ஓரமா நிறுத்தி, அங்கேயே குறைச்சேன். அன்னிக்குச் சாயந்திரம் அவர் வீட்டுலதான் டீ குடிச்சேன்.