பட்டியலில் விட்டுப்போன பெயர்

வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான். யாரை அழைக்க வேண்டும், யார் வீட்டுக்கு யார் போய்ச் சொல்ல வேண்டும், எத்தனை பேருக்குச் சமையல் என்று எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும். "நோட்டுக்காரி" என்றே என் கணவர் கேலி செய்வார். அப்படிப்பட்ட நான், 2019 அக்டோபரில் எழுதிய பட்டியலில் ஒரு முக்கியமான பெயரை விட்டு விட்டேன்.

நாங்கள் பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர்கள். டில்லியில் 1986-ல் திறக்கப்பட்ட தாமரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்களே, அது எங்கள் சமயத்தின் வழிபாட்டு இல்லம்தான். கடவுள் ஒருவரே, எல்லா மதங்களுக்கும் மூலம் ஒன்றே, மனித குலம் ஒன்றே என்பது எங்கள் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் பிறந்த இந்தச் சமயம், 1870-களிலேயே சென்னைக்கு வந்து விட்டது. என் கணவர் கல்யாணமான சில வருடங்களில் இதில் சேர்ந்தார். இரண்டு வருடம் யோசித்து நானும் சேர்ந்தேன். என் மாமியார் சேரவில்லை. அவருடைய பூஜை அலமாரியும், முருகன் படமும், செவ்வாய்க்கிழமை விளக்கும் அப்படியே இருந்தன. அவர் எங்களைத் தடுக்கவில்லை, நாங்களும் அவரை வற்புறுத்தவில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் வெகு காலம் நினைத்துக் கொண்டிருந்தேன்.

2019-ல் எங்களுக்குப் பெரிய விசேஷம் வந்தது. எங்கள் சமயத்தின் முன்னோடியான பாப் அவர்கள் 1819-ல் ஷிராஸ் நகரில் பிறந்தவர். அவர் பிறந்து இருநூறு வருடம் நிறைவு! அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017-ல், பஹாவுல்லா அவர்களின் இருநூறாவது பிறந்த நாளைக் கொண்டாடியிருந்தோம். இந்த இரண்டு பிறந்த நாட்களும் அமாவாசைக் கணக்கில் அடுத்தடுத்த நாட்களில் வரும். பல வருடங்களில் தீபாவளி முடிந்த கையோடு வந்து விடும். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 27. எங்களுக்கு நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், 28-ம் தேதி மாலையிலிருந்து 29 மாலை வரை திருநாள்.

எங்கள் ஊரில் பஹாய் குடும்பங்கள் பன்னிரண்டு. எங்களுக்குப் பூசாரி, குருமார் என்று யாரும் கிடையாது. வருடா வருடம் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். இன்ன சடங்கு, இன்ன படையல் என்ற கட்டாயமும் இல்லை. பிரார்த்தனை, பாட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. எங்கள் மொட்டை மாடி பெரியது என்பதால் 28-ம் தேதி மாலை எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. "நம்ம பன்னிரண்டு குடும்பம் மட்டும் கூடினால் போதாது. தெருவையே கூப்பிடணும்" என்றார்கள்.

உற்சாகமாக நோட்டை எடுத்தேன். தெருவில் 34 வீடு. எழுபது பேருக்குக் கணக்குப் போட்டேன். ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துக் கொண்டு பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். மாடி வீட்டுப் பெரியவருக்கும் கோடி வீட்டு டீச்சருக்கும் சர்க்கரை வியாதி, அதனால் இனிப்போடு நிறுத்தாமல் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும். மூட்டு வலிக்காரர்கள் ஐந்து பேர், அவர்களுக்கு நாற்காலி. மழைக்காலம், அதனால் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். எழுபது பேருக்கு மூன்று கிலோ கடலை சரியாக இருக்கும். முதல் நாள் இரவே ஊறப் போட்டு விட வேண்டும்.

என் பெண்ணும் நானும் நான்கு நாள் மாலையில் வீடு வீடாகப் போனோம். ஐந்தாம் நாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, திண்ணையில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சா?"

"ஆச்சு அத்தை. ஒரு வீடு பாக்கியில்லை."

"ஊரையே கூப்பிட்டே. என்னை ஒரு தரம் கூப்பிட்டியா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "நீங்க வீட்டு மனுஷி ஆச்சே அத்தை" என்று மழுப்பினேன்.

"வீட்டு மனுஷின்னா சரி. இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் மாடியிலே பாடறப்போ நான் கீழே தனியா உட்கார்ந்திருக்கேனே, அப்போ நான் எந்த வீட்டு மனுஷி?"

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அவருக்குப் பிடிக்காது, வர மாட்டார் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை! சுதந்திரம் கொடுத்தோம் என்று நாங்கள் பெருமைப்பட்டது அவருக்கு ஒதுக்கி வைத்ததாகப் பட்டிருக்கிறது.

மறுநாள் காலை குளித்து, புதுப் புடவை கட்டிக் கொண்டு, தட்டில் பழமும் பூவும் வைத்து, மற்ற வீடுகளில் எப்படிச் சொன்னேனோ அப்படியே அவர் முன்னால் போய் நின்று, "28-ம் தேதி சாயங்காலம் எங்க வீட்டிலே விசேஷம். நீங்க அவசியம் வரணும் அத்தை" என்றேன். "வரேன், வரேன்" என்று சிரித்து விட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூற்றொரு ரூபாயை எடுத்து நீட்டினார். "விசேஷச் செலவுக்கு வெச்சுக்கோ."

இது என்னடா அடுத்த சோதனை என்று தவித்தேன். பஹாய் நிதிக்குப் பஹாய்கள் மட்டுமே பணம் தரலாம் என்பது எங்கள் விதி. சமாதானம் ஆன மறு நிமிஷமே எப்படி மறுப்பது? மறைக்காமல் உள்ளதைச் சொல்லி விட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"காசு வேண்டாம்னா போகட்டும். என் கை வேணுமா, வேண்டாமா?"

"அதுதான் அத்தை வேணும்!" என்று அவர் கையைப் பிடித்துக் கொண்டேன்.

அதன் பிறகு சமையலறை அவர் வசம். ஒரு கிலோ ரவைக்கு ஒரு கிலோ பொடித்த சர்க்கரை, 400 கிராம் நெய் என்று ரவா லாடு. ரவையை நிதானமாக, நிறம் மாறாமல் வறுத்து, நெய்யைச் சூடாக விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அறுபதுக்கு மேல் வந்தது. சின்னதாக இன்னும் கொஞ்சம் பிடித்து எழுபதாக்கினார். தீபாவளியன்று காலை எல்லோர் தலையிலும் அவரே எண்ணெய் வைத்தார்.

"மாலை போடப் படம் எங்கே?" என்று கேட்டார். பாப் அவர்களின் படத்தை நாங்கள் வைப்பதில்லை என்றேன். "பாப்னா என்ன அர்த்தம்?" என்றார். அரபு மொழியில் வாசல் என்று அர்த்தம் என்றேன்.

"வாசல்னு பேர் இருக்கிறவருக்கு வாசல்லே கோலம் இல்லாமலா?" என்று கிளம்பி விட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அரிசி மாவில் பெரிய கோலம். பாதியை மழை கரைத்தது. மறுபடி போட்டார்.

மழையால் மாடியில் கூட முடியவில்லை. கூடத்திலும் திண்ணையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மனசிலும் பாரம். மணப்பாறை அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 25-ம் தேதி மாலை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்திருந்தது. தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. பாட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்த மைக் செட்டை வேண்டாம் என்று சொல்லி விட்டோம். முதல் பிரார்த்தனையே அந்தக் குழந்தைக்காகத்தான்.

எங்கள் பிரார்த்தனை முடிந்ததும் மாமியார் என் காதருகே, "எனக்கு உங்களுது தெரியாதே" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க அத்தை" என்றேன். கந்த சஷ்டி விரதம் தொடங்கிய நாள் அது. கண்ணை மூடிக் கொண்டு கந்த சஷ்டி கவசத்தை முழுக்கச் சொன்னார். தெருப் பெண்கள் பலர் கூடவே சொன்னார்கள். பக்கத்துத் தெருப் பாய் வீட்டம்மா முக்காட்டை இழுத்து விட்டுக் கொண்டு துஆ கேட்டார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு யார் எந்த மதம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பந்தியில் அவர் விரதத்துக்காகப் பாலும் பழமும் தனித் தட்டில் எடுத்து வைத்திருந்தேன். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வாங்கிக் கொண்டு கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

விடியற்காலையில் குழந்தை இல்லை என்ற செய்தி வந்தது. அத்தையும் நானும் அடுப்படியிலேயே வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர்தான் எழுந்து, "மிச்ச லாட்டைத் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்துட்டு வா. ஒரு குழந்தையும் விட்டுப் போகக் கூடாது" என்றார். போய்க் கொடுத்து விட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இந்தத் திருநாள் வரும்போது நோட்டில் முதல் வரியில் "அத்தை" என்று எழுதுகிறேன். தட்டில் பழம் வைத்து நேரில் போய் அழைக்கிறேன். அவரும் வெளியூர் விருந்தாளி மாதிரி, "அப்படியா? என்னிக்கு?" என்று கேட்டுக் கொள்வார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் எந்தப் பண்டிகையானாலும் சரி, அழைப்புப் பட்டியல் போடும்போது முதலில் வீட்டுக்குள் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். "அவங்கதான் வீட்டு மனுஷங்களாச்சே" என்று யாரையாவது விட்டிருப்பீர்கள்.