கருத்தா, கட்டளையா?

வடிவமைப்புப் பயிலும் மாணவருக்குச் சற்றும் உதவாத விமர்சனம் எது என்று கேட்டால், "மாஷா அல்லாஹ், நன்றாக இருக்கிறது" என்பதே என்போம். அன்போடு சொல்லப்படுவதுதான், துஆவாக அதை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அதைக் கொண்டு வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற இயலாது. நம் பெரியவர்கள் பிள்ளைகளின் முயற்சியைக் குறை சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கடந்து அவர்களிடமிருந்து உண்மையான குறையைக் கேட்டுப் பெறுவதே எங்கள் படிப்பின் கடைசி ஆண்டில் பாதி வேலையாயிற்று.

கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் பொருள் வடிவமைப்பில் முதுகலை பயின்றோம். இறுதித் திட்டத்தையும் இணைந்தே செய்தோம். எடுத்துக்கொண்டது, பள்ளிவாசலில் முதியோர் ஒளுச் செய்யும் இருக்கை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எங்கள் வீட்டுப் பெரியவர் ஜமாஅத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். நடக்க முடியாமல் அல்ல. தாழ்ந்த கல்லில் அமர்ந்து, ஈரத் தரையில் ஒரு காலைத் தூக்கிக் கழுவ அஞ்சினார். வீட்டிலேயே ஒளுச் செய்துகொண்டு புறப்பட்டால் சில நாள் வழியிலேயே முறிந்துவிடும். அதை வெளியில் சொல்லவும் கூச்சம். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் மாதிரியை வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்தோம். ஒட்டுப்பலகை, நாலைந்து திருகாணி, பென்சில் குறிகள் அழியாத மேற்பரப்பு. பளபளப்பாக முடித்து வைத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முடியாத பொருளைக் கண்டால் கை தானாக நீளும். அப்படியே நடந்தது. அஸருக்குப் பின் வந்த ஒருவர் கேட்காமலேயே அமர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் எழும்போது அவருடைய வலக்கை பக்கத்துத் தூணைத் தேடிற்று. கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை அந்தக் கையே காட்டிவிட்டது.

எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சகர் மோதினார். இருக்கையைச் சுற்றி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "இதைக் கழுவுறது யாரு?" தரையைத் தொடும் ஒவ்வொரு மூட்டும் பாசி பிடிக்கும் இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டாவது கேள்வி மதரஸாப் பிள்ளைகளைப் பற்றியது: முதியவருக்காக 45 சென்டிமீட்டர் உயர்த்தினால் சிறுவரின் கால் அந்தரத்தில் தொங்குமே? அன்றிலிருந்து இருக்கை தரையில் ஊன்றுவதை விட்டுச் சுவரில் பொருந்தியது. அதனடியில் துடைப்பம் தடையின்றிப் போய்வர வழி உண்டாயிற்று. பிள்ளைகளுக்கான தாழ்ந்த கல்லை அப்படியே விட்டோம்.

கல்லூரி நடுவர் குழுவின் கருத்துகள் வேறு வகை. ஒருவர், இது குழாய் வேலை, முதுகலைத் திட்டத்துக்குப் போதாது என்றார். இன்னொருவர், கை நீட்டினால் தானே நீர் வரும் உணர்விக் குழாயை வைக்கச் சொன்னார். முன்னது எங்களை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. மதிப்பெண் அவர் கையில் இருந்தது. பின்னதே எளிதில் தள்ள முடியாதது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸில் படித்துவிட்டு, ஓடும் குழாயை மூடாமல் தலைக்கு மஸஹு செய்கிறவர்களல்லவா நாம்?

இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் கருத்துகளுக்கிடையே ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. பத்ரில் படை இறங்கிய இடத்தைப் பற்றி அவர்கள் உடனே ஆட்சேபம் சொல்லவில்லை. இது அல்லாஹ்வின் கட்டளையா, அல்லது போர் உத்தியாகத் தேர்ந்த கருத்தா என்று முதலில் கேட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறும். கருத்துதான் என்று தெரிந்த பிறகே, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றுக்கு நகரலாம் என்றார்கள். நபியவர்களும் ஏற்று நகர்ந்தார்கள். இடத்தேர்வு பற்றி இதைவிட நல்ல விமர்சன முறையை எந்த வகுப்பிலும் நாங்கள் கற்கவில்லை.

ஆகவே குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்தோம். ஒரு பக்கம் மாற்றக் கூடாதவை: முகம், முழங்கை வரை, கரண்டை வரை நீர் சேர வேண்டும்; குதிகால் நனையாமல் விடக் கூடாது. எனவே பாதத்தை ஊன்றும் படி, குதிகாலை மறைக்காத கம்பித் தட்டாக இருக்க வேண்டும். மறுபக்கம் பேசித் தீர்க்கக் கூடியவை: கிப்லாவை நோக்கி அமர்வது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத், இடம் நெருக்கடியானால் சுவரின் போக்குக்கு இணங்கலாம். உணர்விக் குழாயும் இந்தப் பக்கத்தில்தான் விழுந்தது. மின்சாரம் நின்றால், பழுதானால், மோதினார் என்ன செய்வார்? முழங்கையால் தள்ளினாலும் மூடிக்கொள்ளும் நெம்புப்பிடிக் குழாயையும், நீரைக் குறைத்துவிடும் முனையையும் வைத்தோம். இரண்டும் ஊர்க்கடையிலேயே கிடைக்கும். நடுவருக்கு இது ஏமாற்றம். ஆனால் அவர் கேட்ட சிக்கனம் அதில் இருந்தது.

பெண்கள் பகுதியைப் பற்றிய கருத்துகளை எங்களில் ஒருவர்தான் கேட்க முடிந்தது. அங்கே யாரும் இருக்கையைப் பற்றிப் பேசவில்லை. தலைத்துணியையும் புர்காவையும் ஈரம் படாமல் எங்கே மாட்டுவது, கைக்குழந்தையை எங்கே இருத்துவது என்றே கேட்டார்கள். ஒரு கொக்கியும் ஒரு மேடையும். இவை வரைபடத்தில் ஏறியது அவர்களால்தான். (வீட்டில், இரவு உணவுக்குப் பின், ஒருவர் வரைந்ததை மற்றவர் திருத்துவது தனிக் கலை. அதற்கு நேரம் குறித்துக்கொள்வது நலம், பசியோடிருக்கும்போது கூடாது.)

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ, 1940களில் லுக்ஸருக்கு அருகே மண் செங்கல்லால் புதிய குர்னா கிராமத்தை எழுப்பினார். உலகமே வியந்தது. ஆனால் பழைய குர்னாவின் மக்கள் பெரும்பாலோர் அங்கே குடியேறவில்லை. அவர்களின் பிழைப்பு பழைய கல்லறைகளை ஒட்டியே இருந்தது. அவர் மேதை. ஆயினும் குடியிருப்போரின் சம்மதத்தை மேதைமை பெற்றுத் தராது என்பதை எங்கள் வழிகாட்டி அடிக்கடி நினைவூட்டுவார்.

பன்னிரண்டு இருக்கைகள் வரைந்தோம். நிர்வாகம் இரண்டுக்கு ஒப்புதல் தந்தது. அவை இப்போது ஹவுளின் தெற்குக் கரையில் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் மஃரிபுக்கும் இஷாவுக்கும் போய்வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். சென்ற வாரம் மோதினார் அழைத்திருந்தார்: கைப்பிடியின் கீழ்க் கொண்டியில் எழுகிறவர்களின் கைலி சிக்குகிறதாம். அரத்தோடு ஞாயிறன்று போகிறோம்.