கோடிக் குழகரின் தனிமை

சோழ நாட்டில் சிவாலயங்களுக்குப் பஞ்சமில்லை. காவேரி பாயும் இடமெல்லாம் கோபுரம். அதைச் சுற்றி மாட வீதிகள், தேர், தெப்பக்குளம். அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். ஆனால், வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் முடிந்து கடல் தொடங்கும் கோடியக்கரையில், இந்தப் பரிவாரம் எதையும் வேண்டாமல் கோயில் கொண்டவர் குழகேசர்.

சேரமான் பெருமாளுடன் யாத்திரை வந்த சுந்தரமூர்த்தி நாயனார், திருமறைக்காட்டையும் அகத்தியான்பள்ளியையும் தரிசித்துவிட்டு இங்கே வந்தார். (அந்த அகத்தியான்பள்ளியில்தான் 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் தடையை மீறி உப்பு அள்ளினார்கள்.) நாயனார் இங்கே கண்டதென்ன? ஓயாத கடற்காற்று, அடர்ந்த காடு, அருகில் ஒரு குடியும் இல்லாத கோயில். இறைவனிடம் உரிமையோடு பொன் கேட்டவர் அவர்; குண்டையூர் நெல்லைச் சுமந்து செல்ல ஆள் கேட்டவர்; பரவையாரிடம் அவரையே தூது அனுப்பியவர். அத்தகையவர் இங்கே தம் குறையை மறந்து, துணையின்றி இருக்கும் ஆண்டவனுக்காக இரங்கிப் பாடினார். ஏழாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகமே இத்தலத்தின் தனிப் பெருமை. பக்தனுக்காகக் கடவுள் இரங்கிய ஊர்கள் பல உண்டு. கடவுளுக்காகப் பக்தன் இரங்கிய ஊர் இது.

பிற்காலத்தில் குழகருக்குத் துணைகள் வாய்த்தன. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கம் ஒன்று கடலோரத்தில் நின்றது. 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் கல்கி அவர்கள் அந்த விளக்கையும் இந்தக் கோயிலையும் எழுதினார். பூங்குழலியைத் தேடி வாசகர்கள் இன்றும் வருகிறார்கள். ஆனால், சிதைந்து நின்ற அந்தப் பழைய விளக்கத்தை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது. குழகர் இருக்கிறார்.

இப்போது ஊர் இருக்கிறது. மோட்டார்ச் சாலை இருக்கிறது. 1967 முதல் காடு சரணாலயமாகி, வெளிமான்களும், கடல் தாண்டி வரும் பறவைகளும் காவல் பெற்றிருக்கின்றன. ஆடி, தை அமாவாசைகளில் கடலாட ஜனங்கள் திரளுகிறார்கள். நாயனாரின் குறை தீர்ந்ததா? அவர் விரும்பியது அயலில் ஒரு குடியைத்தான், ஒருநாள் கும்பலை அல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. நீராடிவிட்டுக் குப்பையைப் போட்டுப் போகிறவர் துணையாக மாட்டார். அன்றாடம் விளக்கேற்றி வாசல் பெருக்குகிறவரே துணை.

வேதாரண்யம் வரை செல்லும் அன்பர்கள் இன்னும் ஆறு மைல் சென்று, கூட்டமில்லாத ஒரு நாளில் குழகர் சந்நிதியில் ஒரு நாழிகை உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு நாம் துணையாயிருந்தோமா, நமக்கு அவர் துணையாயிருந்தாரா என்பது அப்போது விளங்கும்.