வாசிக்கப்படாத நூல்கள்

அற்புதக் கதை எழுதப் புகுந்தோன் முதற்கண் எவற்றை வாசித்தல் வேண்டும்? சென்ற விடுமுறையைக் காரைக்காலிற் கழித்த காலை இவ்வினா எம்மை விட்டபாடில்லை. அற்புதத்திற்குப் பஞ்சமில்லாத ஊர் எம்மூர்; அம்மையார் கைக்கு வந்த மாங்கனியை ஆண்டுதோறும் ஆனித் திங்களில் விழா எடுத்துக் கொண்டாடும் ஊரன்றோ? யாமும் ஒரு கதை தொடங்கியிருக்கிறோம். கடல்கொண்ட துறைமுக நகரொன்றில், நகர் மூழ்கியதை அறியாமல் இன்றும் சுங்கக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் முதியவன் ஒருவனைப் பற்றியது அது. ஆறு அதிகாரங்கள் விரைந்து வந்தன. ஏழாவதில் அவன் ஏட்டைத் திறக்கிறான். அதில் என்ன எழுதுவான் என்பது விளங்காமையால் எம் எழுதுகோலும் நின்றது.

பட்டினப்பாலையை எடுத்தோம். 301 அடிகளே கொண்ட அப்பாட்டில், காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பண்டங்களுக்குப் புலி முத்திரை இடும் காட்சி உளது. குதிரையும் மிளகும் மணியும் பொன்னும் எவ்வெவ்விடத்தினின்று வந்தன என்பதும் உளது. தேர்வின்பொருட்டு நெட்டுருப் பண்ணிய இவ்வரிகளை அம்முதியவனுடைய கண்கொண்டு நோக்கியபொழுது, மிளகுப் பொதியின் நெடி மூக்கில் ஏறியது. ஏழாவது அதிகாரம் இரண்டு இரவில் முடிந்தது.

ஆயின் ஒரு நூல் தனித்து வருவதில்லை. உறவினரையும் உடன் அழைத்து வருகிறது. அந்நகரைக் கடல்கொண்ட வரலாறு மணிமேகலையிற் கூறப்படுகிறது. மகனை இழந்த துயரால் மன்னன் இந்திர விழாவை மறந்தான், நகர் கடல்வயப்பட்டது. அதனை வாசிக்கப் புகுந்து, வானிற் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் பசியை ஒழிக்கவும் வல்ல மந்திரங்கள் மூன்றில் நெடுநேரம் தங்கிவிட்டோம். அதன் பின்னர்ச் சிந்தாமணி. கருவுற்ற விசயை ஏறிப் பறந்து சுடுகாட்டில் இறங்கும் மயிற்பொறி எத்தகையது என்று அறிய நச்சினார்க்கினியர் உரையைப் புரட்டினோம். 3145 செய்யுள் உடைய நூலில் எமக்கு வேண்டியது ஒரு பொறி. ஆயினும் நூல் முழுவதும் மேசைமேல் ஏறி அமர்ந்துவிட்டது.

இவ்வாறு வந்தவை நாற்பத்தொன்று. எண்ணியவர் யாமல்லோம், எம் அன்னையார். "மழை தொடங்கட்டும், உனக்கு முன்னே கறையான் வாசித்து முடித்துவிடும்" என்றார்.

நிற்க. மிகுதியாக வாசிப்போனுக்குச் சொந்தக் கற்பனை வற்றிவிடும் என்பது எம் நண்பர் ஒருவர் துணிபு. இதனை எம்மால் ஒப்ப இயலவில்லை. எம்மூருக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள தரங்கம்பாடியிலும், பின்னர் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையாற் கோவை பாடப்பெற்ற அவர், நீதிமன்றக் கட்டுகளுக்கிடையே வாசித்தும் கேட்டும் நிறைத்துக்கொண்ட கதைகளும் நகைமொழிகளும் 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் வழிந்தோடுகின்றன. ஆணுடை பூண்ட ஞானாம்பாள் விக்கிரமபுரிக்கு அரசாகும் பகுதி ஒன்றே போதும், கற்பனை வற்றவில்லை என்பதற்கு.

தெற்கே நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் செய்தி எம்மை இன்னும் மிகுதியாக வியப்பித்தது. 1917-இற் பிறந்த அவ்வம்மையார் பள்ளியிற் கற்றது மூன்றாம் வகுப்பளவே. ஆயினும் 1938-இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு மதிப்புரை வழங்கியவர் மணிமேகலையையும் சிந்தாமணியையும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரே. மூன்றாம் வகுப்புக்கும் நாவலுக்கும் இடைப்பட்ட வெளியை வாசிப்பன்றி வேறு எது நிரப்பியிருத்தல் கூடும்? பட்டப்படிப்புப் பயிலும் எமக்கு அம்மையாரின் முன் சற்றே கூச்சமாக இருக்கிறது.

கடல் கடந்தும் இவ்வாறே. ஆக்ஸ்போர்டிற் பழைய ஆங்கிலம் கற்பித்த டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' கதையிலே, பாம்பரக்கனிடமிருந்து கிண்ணம் ஒன்று திருடப்படுகிறது. அக்கிண்ணம் அவர் மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன பேவுல்ஃப் காவியத்திலிருந்து வந்தது. பாடநூலிற் களவாடுதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

குவியலின் அடியிற் கிடப்பது எம் பாட்டனாருடைய நூல். 1954-இற் பிரெஞ்சு நிருவாகம் நீங்கும் வரை அவர் அம்மொழியிலேயே பள்ளிப் பாடம் பயின்றவர். காலாந்து என்பார் 1704 முதல் பிரெஞ்சில் வெளியிட்ட ஆயிரத்தோர் இரவுகளின் ஒரு தொகுதியை, ஓரங்களிற் பென்சிற் குறிப்புடன் விட்டுச் சென்றிருக்கிறார். எமக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆகவே அகராதி ஒன்றும் வாங்கினோம். குவியல் நாற்பத்திரண்டாயிற்று. நாளொன்றுக்கு ஒரு பக்கம் செல்கிறது. பதினாறாம் பக்கத்தில், ஒரு சொல்லுக்கு எதிரே பாட்டனார் வினாக்குறி இட்டிருக்கிறார். அச்சொல் எம் அகராதியிலும் இல்லை.