பாலாய்ப் போன புழுவும் பழி சுமந்த பெண்ணும்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். சோளம் விளைந்த காட்டில் இன்று மல்பெரி தழைத்து நிற்கிறது. தெருவுக்குத் தெரு புழு வளர்ப்பு மனை. ஆயிரமாயிரம் பட்டுப்புழுக்கள் ஒருசேரத் தழை தின்னும்போது, ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போன்றதோர் ஓசை எழும். அந்த ஓசை ஒருநாள் எங்கள் மனையில் நின்றது. நின்ற அன்றே என் அண்ணி வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

ஐந்தாம் பருவப் புழுக்கள் அவை. இன்னும் மூன்று நாளில் கூடு கட்டியிருக்க வேண்டும். திடுமென உடல் வீங்கிற்று, தோல் பளபளத்தது, கணுக்கள் தடித்தன. தழையைத் தீண்டாமல், படுக்கையின் விளிம்பிலே ஓய்வின்றி ஊர்ந்தன. தொட்டால் தோல் கிழிந்து பாலாய் வழிந்தது. "பேய் புடிச்ச மாதிரி அலையுது பாரு கண்ணு" என்றார் ஆத்தா. உடனே அடுத்த கேள்வி பிறந்தது. தீட்டோடு மனைக்குள் நுழைந்தது யார்? வீட்டிலே அந்த வயதுப் பெண் ஒருவரே! சாட்சி இல்லை, விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் இருந்தது.

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா தோழர்களே? திண்ணையில் இருந்தேன். கலைப் பட்டம் பெற்றவன், பள்ளியிலே வரலாறு போதிப்பவன், மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிப்போம் என்று மேடையிலே முழங்கியவன், அன்று வாய் திறக்கவில்லை. மறுத்துரைக்க ஆதாரம் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆதாரம் பார்த்தா அவர்கள் தீர்ப்பளித்தார்கள்? "விடுங்க தம்பி, எனக்கு இது புதுசுங்களா?" என்றார் அண்ணி. எவர் திட்டியிருந்தாலும் அவ்வளவு சுட்டிராது.

ஆதாரம் தேடினேன். உயிரியல் பயிலாதவன் ஆகையால் மெல்லத்தான் படிக்க முடிந்தது.

அந்நோயின் பெயர் பால்புழு நோய். அதை விளைவிப்பது ஒரு வைரசு. மண்ணிலும் தட்டிலும் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்க, அது தன்னைச் சுற்றிப் புரதத்தால் ஒரு பன்முகப் படிகம் கட்டிக்கொள்கிறது. கோட்டைக்குள் ஒளிந்த கொள்ளைக்காரனைப் போல. புழு தழையோடு அதையும் விழுங்குகிறது. புழுவின் குடல் கடும் காரத்தன்மை உடையது; அந்தக் காரத்தில் படிகம் கரைகிறது; வைரசு வெளிப்பட்டு உயிரணுக்களின் கருவுக்குள் புகுந்து பெருகுகிறது. வழிந்தது பாலுமன்று, சாபமுமன்று, கோடிக்கணக்கான படிகங்கள்!

1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வைரசின் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். 1,28,413 எழுத்துகள்; புரதம் சமைக்கும் வாசகங்கள் எனத் தக்கவை 136. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1994-இல், அமெரிக்க அந்துப்பூச்சி ஒன்றின் வைரசு அவ்வாறே படிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்தபோது, அமெரிக்க வைரசின் எழுத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்திருந்தது. ஒரே பாட்டனின் பேரர்கள்! ஆயினும் அமெரிக்க வைரசு பட்டுப்புழுவைக் கொல்வதில்லை. அதன் ஒரேயொரு மரபணுவில் ஒரு சிறு துண்டை, பட்டுப்புழு வைரசின் துண்டாக மாற்றியதும் கொன்றது. பரிணாமம் என்பதைப் பழைய எலும்புகளில் மட்டுமே தேட வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆத்தா கண்ட பேய்க்கும் விடை கிடைத்தது. 2005-இல் வெளியான ஆய்விலே, இந்த வைரசிலிருந்து பி.டி.பி. என்னும் மரபணுவை நீக்கிவிட்டுப் புழுவுக்குத் தொற்றச் செய்தார்கள். புழு அலையவில்லை. அம்மரபணு ஏதோ ஒரு பண்டைப் பூச்சியிடமிருந்து வைரசு களவாடியது என்பது அறிஞர் முடிவு. களவாடிய கருவியால் களவு கொடுத்த இனத்தையே ஆட்டி வைக்கிறது. அலையவிட்டு, தன் படிகங்களை எங்கும் தூவச் செய்கிறது. இத்தகைய பூச்சி வைரசுகளின் மூதாதை ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2011-இல் கணித்துள்ளனர். தீட்டு என்ற சொல் என்ன, மனிதனே இல்லாத காலம் அது! அந்த வைரசு எந்தப் பெண்ணின் நாட்களை எண்ணிக் காத்திருந்தது?

இதே குடும்பத்து இன்னொரு வைரசு உழவனுக்குத் துணைவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், பருத்தியையும் கடலையையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு எதிராக அதனைத் தெளிக்கச் சொல்கிறார்கள். வெயிலில் அழிந்துபோகும் ஆதலால் அந்தி நேரத்தில், வெல்லம் கலந்து தெளிக்க வேண்டும்.

படித்ததைச் சுமந்துகொண்டு மனையைச் சுற்றி நடந்தேன். முந்தைய வளர்ப்பில் செத்த புழுக்களை அண்ணன் எரிக்கவில்லை, புதைக்கவில்லை. மல்பெரித் தோட்டத்து ஓரக் குப்பைக்குழியில் கொட்டியிருந்தார். அங்கே மிதித்த காலோடு மனைக்குள் வந்திருந்தார். தட்டுகளும் கழுவப்படவில்லை. நோய்க்கு ஒரு வழி இருந்ததென்றால், அஃது அண்ணன் காலடியில் இருந்தது!

அவரிடம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பிளீச்சிங் தூளும் நீற்றுச் சுண்ணாம்பும் வாங்கி வந்தார். சுண்ணாம்பின் வேலை விந்தையானது: புழுவின் குடல் செய்வதை அது வெளியிலேயே செய்துவிடுகிறது. காரத்தில் கோட்டை கரைகிறது; உள்ளிருப்பவன் அம்மணமாக நிற்கிறான்; பிளீச்சிங் கரைசல் அவனை முடிக்கிறது.

அடுத்த வளர்ப்பின்போது வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியே தீருவேன் என்றார் ஆத்தா. கட்டட்டும், ஆனால் கை கழுவிவிட்டுக் கட்டட்டும் என்றார் அண்ணி. வீட்டுக்குத் தூரமான நாட்களிலும் அவரே உள்ளே நின்று, துணியில் கட்டிய சுண்ணாம்பைப் படுக்கை மீது தட்டித் தூவினார். அந்த மாதம் மனைக்கு வெளியே இருமுறை நிறுத்தப்பட்டவர் அண்ணன்தான், கால் கழுவாமல் வந்ததற்காக.